குழந்தை நட்சத்திரமும் அதோட தூசித் தட்டும் – கேளுங்க, சொல்றேன்

கே: நட்சத்திரம் பிறக்குற கேஸ்-தூசி மேகம் சுருங்கினா உருண்டையா தானே வரணும், ஏன் தட்டையாகுது?
ப: மேகம் முதல்லயே லேசா சுத்திட்டுதான் இருக்கும், சுருங்கச் சுருங்க சுத்துற வேகம் ஏறும். அச்சு பக்கம் மேலயும் கீழயும் இருந்து விழுற கேஸைத் தடுக்க ஒண்ணுமில்ல, ரெண்டும் நடுவுல மோதிப் படிஞ்சிடும். பக்கவாட்டுல மட்டும் அந்தச் சுழற்சி உள்ள விழ விடாது. அதான் தட்டு.

கே: அப்பவே ஹைட்ரஜன் எரியுதா?
ப: இல்லைங்க. சுருங்குற சூட்டுலதான் ஒளிருது. சூரியன் எடைன்னா ஹைட்ரஜன் அணுக்கரு நிலையா இணைஞ்சு எரியறதுக்கு சில கோடி வருஷம் ஆகும்.

கே: ஹெச்.எல். டௌரிங்கற இளம் நட்சத்திரத்தோட தட்டுப் படத்துல அந்த ஆரஞ்சு நிஜமா?
ப: நிஜம் இல்ல. 2014-ல அல்மாங்கற ரேடியோ தொலைநோக்கி எடுத்தது, மில்லிமீட்டர் அலை, கண்ணுக்கே தெரியாது. கலர் பின்னாடி போட்டது.

கே: அதுல இருக்குற கருப்பு வளையம் எல்லாம் கிரகம் சுத்தும்போது கூட்டித் துடைச்ச பாதைதானே?
ப: இதைத்தான் அவசரப்பட்டு சொல்லாதீங்கன்னு எப்பவும் சொல்றேன். கேஸுக்கு அழுத்தம் இருக்கு, அதனால தூசியை விட கொஞ்சம் மெதுவா சுத்தும், தூசிக்கு அது எதிர்க்காத்து மாதிரி, வேகம் இழந்து உள்ள நகரும். பூமி தூரத்துல ஒரு மீட்டர் கல்லுன்னா நூறு வருஷ கணக்குலயே நட்சத்திரத்துல போய் விழுந்துடும். எங்கயாவது கேஸ் அழுத்தம் கூடி மேடு மாதிரி ஆனா தூசி அங்க நின்னு குவியும், அது பளிச்னு தெரியும், பக்கத்துல காலியா தெரியும். அந்த மேட்டை கிரகமும் கட்டலாம், காந்தப்புலமும் கட்டலாம்.

கே: நான் ஒத்துக்கல. பி.டி.எஸ். 70-ங்கற இளம் நட்சத்திரத்தோட தட்டுல கிரகமே கிடைச்சுதே?
ப: கிடைச்சுது, ரொம்ப அழகான உதாரணம் அது. 2018-ல ஒண்ணு, அடுத்த வருஷம் இன்னொண்ணு, ரெண்டும் இடைவெளிக்கு உள்ளயே. ஆனா அங்க கிரகத்தோட வெளிச்சத்தையே நேரடியா பிடிச்சாங்க, அதான் ஆதாரம். வெறும் இடைவெளியை வச்சு சொல்லல.

கே: அப்போ ஹெச்.எல். டௌரில கிரகம் இல்லைங்கறீங்களா?
ப: அப்படி எங்க சொன்னேன்? இருக்கலாம். வயசு பத்து லட்சம் வருஷத்தை ஒட்டித்தான், அதுக்குள்ள கிரகம் வளர்ந்திருந்தா நம்ம கணக்கெல்லாம் திருத்தணும், அதனாலதான் ஆதாரம் கேக்குறேன்.

கே: சார், அந்த கலர் ஒரிஜினலா?
ப: மேல சொல்லிட்டேன், படிங்க.

கே: எந்த டெலஸ்கோப் வாங்கினா தட்டு தெரியும்?
ப: வாங்குறது எல்லாம் அமெச்சூர் வானியல் பண்றவங்ககிட்ட கேளுங்க. ஆனா எதை வாங்கினாலும் வளையம் தெரியாது.

கே: தட்டுல கேஸ் எத்தனை நாள் இருக்கும்?
ப: பாதி நட்சத்திரங்களுக்கு மூணு மில்லியன் வருஷம் வாக்குல உள்தட்டு போயிடும், பத்து மில்லியன்ல மிச்சம் வச்சிருக்கறது ரொம்ப கம்மி. வியாழன் மாதிரி கேஸ் கிரகம் அதுக்குள்ள வளர்ந்தே ஆகணும்.

கே: பீட்டா பிக்டோரிஸ்ங்கற நட்சத்திரத்துக்கு ரெண்டு கோடி வருஷம் ஆச்சே, இன்னும் தூசி இருக்கே?
ப: நல்ல கேள்வி. அது பிறந்தப்ப இருந்த தூசி இல்ல, அதெல்லாம் எப்பவோ போயிடுச்சு. வால்மீனும் சின்னச் சின்ன பாறையும் ஒண்ணோட ஒண்ணு மோதி நொறுங்கி புதுசா வந்துட்டே இருக்குற தூசி அது.