திருவாதிரையைக் கொஞ்சம் நிம்மதியாக விடுங்கள்

கேள்வி: திருவாதிரை நட்சத்திரம் சீக்கிரமே 'ஹைப்பர்நோவா'வாக வெடித்து, பூமி கருகிவிடும் என்று யூடியூப்பில் சொல்கிறார்களே, உண்மையா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: வெடிக்கும். ஆனால் சீக்கிரம் அல்ல, சாதாரண சூப்பர்நோவாவை (நட்சத்திர வெடிப்பை) விடப் பல மடங்கு வலிய ஹைப்பர்நோவாவாகவும் அல்ல. பூமி கருகவும் போவதில்லை. நட்சத்திரத்தின் பெயரையாவது சரியாகச் சொன்னார்களே!

கனத்த நட்சத்திரத்தின் மையம் நொறுங்கும்போது வெளிப்படும் ஆற்றலில் சுமார் 99 சதவீதத்தை நியூட்ரினோக்கள் (எதையும் எளிதில் ஊடுருவிப் போகும் நுண்துகள்கள்) வாரிக்கொண்டு போய்விடும். அவை விட்டுவைக்கும் சில்லறையில் நடப்பதுதான் சாதாரண சூப்பர்நோவா. 1998 ஏப்ரல் 25 அன்று பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் ஒரு காமா கதிர் வெடிப்பை (விண்ணிலிருந்து வரும் அதிஆற்றல் கதிர்களின் திடீர்ப் பளிச்சிடலை) பிடித்தது. அதே திசையில், ஏறத்தாழ 12 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், ஒரு சூப்பர்நோவாவும் தெரிந்தது. பெயர் 1998பிடபிள்யூ. சிதறிய பொருள் நொடிக்கு 30,000 கி.மீ. வேகத்தில் பறந்தது, அதாவது ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு! வழக்கமான வெடிப்பைப் போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்ட இயக்க ஆற்றல். இதுதான் ஹைப்பர்நோவா. அந்தச் சில்லறை இதற்குக் கட்டுப்படியாகாது.

பின் எங்கிருந்து வந்தது? சுழற்சியிலிருந்து என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம். வானியற்பியலாளர் ஸ்டான் வூஸ்லி 1993-லேயே வழிகாட்டியிருந்தார்: மையம் கருந்துளையாகும், அதைச் சுற்றிப் பொருள் வட்டாகச் சுழலும், இரு துருவங்களிலும் தாரைகள் பீறிட்டுக் கிளம்பும். அதற்கு நட்சத்திரம் வெகுவேகமாகச் சுழல வேண்டும். மேலே போர்த்திய ஹைட்ரஜனையும் முன்பே உதறியிருக்க வேண்டும். 1998பிடபிள்யூவின் நிறமாலையில் (பிரித்துப் பார்த்த ஒளியில்) ஹைட்ரஜன் தடயமே இல்லை.

திருவாதிரையோ சூரியனைப் போலப் பலநூறு மடங்கு ஊதிப்போன ஹைட்ரஜன் மூட்டை; ஹைப்பர்நோவாவுக்கு வழியில்லை. 2019 கடைசியில் அது மங்கியதும் 'இதோ வெடிக்கிறது' என்றார்கள். அது கக்கிய தூசு அதன் முகத்தையே மறைத்ததுதான் விஷயம். ஐந்நூறு ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. வெடித்தால் பகலிலும் தெரியும், அவ்வளவே.

பயம் விட்டபாடில்லை என்றால் இன்னொன்று. 2022 அக்டோபர் 9, ஞாயிறு மாலை, நம் நேரப்படி ஏழு மணிக்குச் சற்று முன்பு, இதுவரை பதிவானவற்றிலேயே மிகப் பிரகாசமான காமா கதிர் வெடிப்பு பூமியை எட்டியது. ஏறத்தாழ 200 கோடி ஆண்டு பயணம் செய்த ஒளி, மேற்கு இந்தியாவின் உச்சிக்கு நேர் மேலே! பூமியின் அயனி மண்டலம் (காற்று மண்டலத்தின் மின்னேற்றம் பெற்ற மேலடுக்கு) கூடக் கொஞ்சம் கலங்கியது. அன்று மாலை நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?