தரகர் கேட்பதும் மகனுக்குக் கிடைக்காததும்

கேள்வி: வட கொரியாவிலிருந்து வந்தவள். தப்பி வந்தவர்களுக்கான அரசுப் பயிற்சி நிலையமான ஹனாவோனில் பயிற்சி முடித்து, தென் கொரியாவின் இஞ்சோனில் அரசு வாடகை வீட்டில் இருக்கிறேன். அழைத்து வந்த தரகர் முழுப் பணத்தையும் உடனே கேட்கிறார், வங்கி அட்டையையும் தரச் சொல்கிறார். சீனாவில் பிறந்த என் 17 வயது மகனும் வரப்போகிறான். எனக்குக் கிடைத்த உதவிகள் அவனுக்கும் உண்டா?

பதில்: அட்டையைத் தராதீர்கள், ரகசிய எண்ணையும் சொல்லாதீர்கள். அந்தக் கணக்கைத் தொலைபேசி மோசடிக்காரர்கள் பயன்படுத்தினால் காவல் துறை உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். உங்கள் பெயரில் கைப்பேசி வாங்கித் தரச் சொன்னாலும் இதே கதைதான். புதிதாக வந்தவர்களைக் குறிவைத்தே இந்தக் கூட்டம் சுற்றுகிறது.

கடன் கடன்தான், அதை மறுக்கச் சொல்லவில்லை. ஆனால் வந்தவர்களுக்கு அரசு தரும் குடியமர்வு நிதியைப் பெறும் உரிமையை அடகு வைக்கவோ பிறருக்கு மாற்றவோ முடியாது, ஜப்தி செய்யவும் முடியாது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 2025 முதல் தனியாக இருப்பவருக்கு அடிப்படைத் தொகை 1.5 கோடி வோன். மொத்தமாகக் கொடுத்தால் தரகர் கைக்குப் போய்விடும் என்றுதான் அதைத் தவணையாக்கினார்கள். என்ன பயன்? தவணை விழும் நாளைத் தெரிந்துகொண்டு தரகர்கள் வந்து நிற்கிறார்கள். ஹனாவோனின் 12 வாரங்களில் இதற்கென்றே ஒரு வாரம் ஒதுக்கியிருக்கலாம். நீங்கள் தருவதைக் கொஞ்சம் கொஞ்சமாக, வங்கி வழியாக மட்டும் தாருங்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம். வழக்குப் போடுவேன் என்று மிரட்டினால், வரும் வழியில் தரகரிடம் கையெழுத்திட்டுக் கொடுத்த காகிதத்தின் நகலோடு சட்ட உதவிக் கழகத்துக்குப் போங்கள், தொலைபேசி எண் 132.

ஊரிலுள்ள அம்மாவுக்குப் பணம் அனுப்பித் தருகிறேன் என்று அடுத்த தரகர் வருவார். நூறு வோனுக்கு முப்பது அவர் கைக்குப் போகும், சில நேரம் அதற்கும் மேலே. முதலில் உங்கள் காலில் நில்லுங்கள்.

அப்புறம் மகன். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வடக்கில் வீடோ குடும்பமோ வேலையோ இருந்து, அங்கிருந்து வெளியேறியவரைத்தான் சட்டம் தப்பி வந்தவர் என்கிறது. சீனாவில் பிறந்தவன் அந்தக் கணக்கில் வரமாட்டான். தாய் நீங்கள் என்பதால் குடியுரிமைக்கு வழி உண்டு. மரபணுச் சோதனை கேட்பார்கள், தயாராக இருங்கள். குடியமர்வு நிதியோ தனி வீடோ அவனுக்குக் கிடையாது. சிறு பிள்ளைகளுக்காகத் தாயிடம் தரும் வளர்ப்புத் தொகைக்கும் அவன் வயது தாண்டிவிட்டது. வடக்கில் பிறந்த பையனுக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு உண்டு, உங்கள் மகனுக்கு இல்லை. கொரிய மொழி தெரியாத பிள்ளை இன்னும் சில ஆண்டுகளில் முகாமில் நிற்க வேண்டும்! தப்பி வந்தோர் பிள்ளைகள் என்று பள்ளிகளில் கணக்கெடுத்தால் பாதிக்கு மேல் இப்படிப் பிறந்தவர்கள்தான். அதிகாரிகளுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஆகவே அவன் வந்ததும் முதல் வேலை மொழிதான். சியோலில் யோம்யோங் போன்ற மாற்றுப் பள்ளிகள் இருக்கின்றன. தப்பி வந்தோருக்கு உதவும் உங்கள் பகுதி ஹனா மையத்தில் இப்போதே அவன் பெயரைச் சொல்லி, எங்கே இடம் இருக்கிறது என்று கேளுங்கள். அவன் வந்த பிறகு பார்க்கலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.