ஆறு தட்டையும் வரிசையாக வையுங்கள்

கேள்வி: பாஸ்டன் பக்கத்தில் ஒரு வீட்டுச் சாமான் ஏலத்தில் நீல வெள்ளைச் சீனப் பீங்கான் தட்டுகள் ஆறு வாங்கினேன். 1780 வாக்கில் ஏற்றுமதிக்குச் செய்தவை என்றார்கள். நம்பலாமா? விருந்தினர் வந்தால் அவற்றில் பரிமாறலாமா?

ஆறையும் பகல் வெளிச்சத்தில் வரிசையாக வையுங்கள். ஒற்றைத் தட்டு வைத்திருப்பவருக்கு இந்த வசதி கிடையாது. ஆறிலும் கோட்டுக்குக் கோடு ஒரே படம் இருந்து, ஓரத்துப் பூவேலை ஓரிடத்தில் ஒட்டுப்போட்டதுபோல் நின்றால், அவை இங்கிலாந்தில் அச்செடுத்த தட்டுகள். பாலத்தில் மூன்று பேர், வானத்தில் இரண்டு பறவைகள் என்றாலும் அநேகமாக அதேதான். சீனத் தட்டில் கை தெரியும். சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெசன் பட்டறைகளில் ஒருவர் கோடு இழுக்க, இன்னொருவர் நீலம் நிரப்பினார். அதனால் ஒன்றில் நீலம் கோட்டைத் தாண்டியிருக்கும், இன்னொன்றில் படகு சற்றுத் தள்ளி நிற்கும். எனக்கு இந்தத் தட்டுகள் மேல் பிரியம் வந்ததே அந்தப் பிசகுகளால்தான்.

அப்புறம் திருப்பிப் பாருங்கள். அடிவளையத்தில் பூச்சு இல்லாமல் மண் தெரிந்து, அதை ஒட்டி லேசான செம்பழுப்புக் கோடு ஓடினால் நல்ல அறிகுறி. அடியில் முத்திரை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்; அந்தக் கால ஏற்றுமதிச் சரக்கில் பெரும்பாலும் முத்திரை இருக்காது. ஆங்கிலத்தில் ‘சைனா’ என்று இருந்தால்தான் சிக்கல். பிறந்த நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. 1780 என்ற பேச்சும் கொஞ்சம் இடிக்கிறது. அமெரிக்கக் கப்பல் முதன்முதலாக நேரே சீனாவுக்குப் புறப்பட்டதே 1784இல். அதற்கு முந்தையது என்றால் ஐரோப்பா சுற்றி வந்திருக்க வேண்டும்.

சரி, சாப்பிடலாமா? நீலம் மட்டும் இருந்தால், விரிசல் இல்லாத தட்டில் எப்போதாவது பரிமாறலாம். கோபால்ட் நீலத்தைத் தீட்டி, மேலே பூச்சு கொடுத்து, 1300 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டிருப்பார்கள். நிறம் கண்ணாடிபோன்ற அந்தப் பூச்சுக்கு அடியில் அடைபட்டிருக்கும். 1752இல் மூழ்கிய ‘கெல்டர்மால்சன்’ என்ற டச்சுக் கப்பலின் பீங்கானை 1985இல் வெளியே எடுத்தபோது, பூச்சுக்கு மேல் தீட்டிய வண்ணங்களைக் கடல் தின்றிருந்தது, நீலம் அப்படியே இருந்தது. மேலே சிவப்போ பச்சையோ இருந்தால் உணவு வைக்காதீர்கள். அந்த வண்ணங்களில் ஈயம் இருக்கலாம்.

விரலால் சுண்டுங்கள். மணிபோல் கணீரென்று கேட்காமல் மந்தமாகக் கேட்டால் மயிரிழை விரிசல் இருக்கும். அந்தத் தட்டு அலமாரிக்கு. கறை போக பிளீச் ஊற்றாதீர்கள், பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடாதீர்கள். அடுக்கும்போது இடையிடையே மெல்லிய துணி வையுங்கள். மேல்தட்டின் பூச்சில்லாத அடிவளையம் கீழ்த்தட்டின் ஓவியத்தைக் கீறிவிடும்.