அது யாருடைய அணி? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென் சூடான் பெண்கள் கூடைப்பந்து அணி ஆப்பிரிக்கக் கோப்பையில் வெண்கலம் வென்றதைப் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பை வாசித்தேன். பள்ளி நாட்களில் கூடைப்பந்து ஆடியவள் என்பதால் மகிழ்ச்சியோடுதான் வாசித்தேன். ஆனால் அந்த அணியில் பலர் வெளிநாடுகளில் வளர்ந்து, அங்கேயே ஆட்டம் பழகியவர்கள் என்று பிறகு அறிந்தேன். அப்படியானால் அதை அந்த நாட்டின் அணி என்று எவ்வாறு சொல்வது? போரும் பசியும் தீராத ஒரு நாட்டில், ஊரிலேயே இருக்கும் ஒரு பெண்ணுக்கு இந்தப் பதக்கத்தால் என்ன கிடைத்துவிடும்?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

உங்கள் முதல் கேள்வியோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவது கேள்வி என்னையும் உறுத்துவது. அதற்கு என்னிடம் இருப்பது பாதி விடைதான்.

தென் சூடான் பிறந்த விதத்திலிருந்து தொடங்குகிறேன். 2011 ஜனவரியில் அங்கு நடந்த பொது வாக்கெடுப்பின் சீட்டில் இரண்டு படங்கள் இருந்தன. கோத்த இரு கைகள் சூடானோடு சேர்ந்திருப்பதற்கு, உயர்த்திய ஒற்றைக் கை பிரிந்து செல்வதற்கு. 98.83 விழுக்காட்டினர் ஒற்றைக் கையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வாக்குகள் தலைநகர் ஜூபாவிலும் வாவு, மலக்கால் போன்ற உள்நாட்டு நகரங்களிலும் மட்டும் பதிவானவை அல்ல. கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா, எகிப்து, பிரிட்டன், கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய எட்டு நாடுகளில் வாழ்ந்த தென் சூடானியருக்கும் அங்கங்கே வாக்குச்சாவடிகள் திறக்கப்பட்டன. அவர்களையும் எண்ணித்தான் 2011 ஜூலை 9 அன்று ஒரு நாடு உருவானது. நாட்டை உருவாக்கும்போது அவர்களுடைய கைரேகை செல்லும், அவர்களுடைய மகள் அந்த நாட்டின் சீருடையை அணிந்தால் மட்டும் அவள் வெளியாள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர்கள் அங்கெல்லாம் விரும்பிப் போய்க் குடியேறியவர்களும் அல்லர். 1955 முதல் 1972 வரை ஒரு போர், 1983 முதல் 2005 வரை இன்னொரு போர், விடுதலைக்குப் பின் 2013 டிசம்பரில் தங்களுக்குள்ளேயே தொடங்கிய மூன்றாவது போர் என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக மக்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். கென்யாவின் ககூமா அகதி முகாமில் பிறந்து, நடை பழகி, பள்ளிக்குப் போன ஒரு தலைமுறையே இருக்கிறது. நாட்டின் கூடைப்பந்துச் சங்கத்துக்கு 2019இல் தலைவரான லுவோல் டெங்கின் வாழ்க்கையும் இதே தடத்தில் சென்றதுதான். வாவுவில் பிறந்தார், குழந்தையாக எகிப்துக்கும் பிறகு லண்டனுக்கும் போனார், அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் புகழ்பெற்றார், 2012 ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக ஆடினார். ஆண்கள் அணியைத் தன் கைப்பணத்தைச் செலவிட்டு வளர்த்த அவரை யாரும் அந்நியர் என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. பெண்களுக்கும் அதே அளவுகோலைத்தான் கேட்கிறேன்.

வெளியே வளர்ந்தவர்கள் அணியில் நிறைந்திருப்பதற்கு எளிய காரணம் ஒன்றும் உண்டு. ஆண்கள் அணி 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன நேரத்தில், தென் சூடான் முழுவதிலும் கூரையுள்ள கூடைப்பந்து அரங்கம் ஒன்றுகூட இருக்கவில்லை. ஜூபாவில் ஆண்டின் பாதிக்கும் மேல் மழைக்காலம். திறந்தவெளிச் சிமெண்டுத் தளத்தில் மழை இறங்கினால் அன்றைய பயிற்சி முடிந்தது. நீங்கள் ஆடியவர் என்பதால் ஈரச் சிமெண்டில் ஓடி வந்து சட்டென்று நின்று திரும்புவது எத்தகையது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழங்காலைப் பணயம் வைத்துத்தான் அங்கே ஆட முடியும். உள்ளூரில் ஆளை உருவாக்கும் இடமே இல்லாதபோது, உருவான ஆட்களைத் தேடிச் சேர்ப்பதைத் தவிர ஒரு சங்கம் வேறு என்ன செய்ய முடியும்?

அப்படிச் சேர்த்த பெண்கள் 2025இல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் செய்ததைத்தான் முந்தைய குறிப்பில் எழுதியிருந்தேன். கண்டத்தின் முதன்மைப் போட்டியில் அதுவே அவர்களுடைய முதல் வருகை. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் எதிரே நின்றது செனகல், அதாவது ஆப்பிரிக்கப் பட்டத்தைப் பதினொரு முறை வென்ற அணி. 66–65 என்று ஒரே ஒரு புள்ளியில் தென் சூடான் வென்றது. ஒரு புள்ளி வெற்றியை அதிர்ஷ்டம் என்று தள்ளுகிறவர்கள் உண்டு. ஆனால் செனகலோடு நாற்பது நிமிடமும் சமமாக நின்ற பிறகே அந்த ஒரு புள்ளிக்கு மதிப்பு வருகிறது. உலகம் கொண்டாடிய ஆண்கள் அணி 2021இலும் 2025இலும் ஆப்பிரிக்கக் கோப்பையில் ஆடியும் பதக்கம் பெறவில்லை. பெண்கள் முதல் முயற்சியிலேயே பெற்றார்கள். இதைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு என்பது என் வருத்தம், அந்தக் குறிப்பை எழுத நேர்ந்ததும் அதனால்தான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தென் சூடானின் டிங்கா, நூவர் மக்கள் உலகின் மிக உயரமான மனிதர்களில் சேர்த்து எண்ணப்படுகிறவர்கள். டிங்கா மக்களிடையே ஒரு பெண்ணின் உயரத்துக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது, அது மாட்டுக் கணக்கு. மணமகன் வீட்டார் பெண் வீட்டுக்கு மாடுகள் தர வேண்டும். பெண் உயரமானவள் என்றால் மாடுகளின் எண்ணிக்கை கூடும். அந்த மாடுகளைக் கொண்டுதான் அவளுடைய அண்ணன் தம்பிகள் தங்களுக்குப் பெண் தேடுவார்கள். ஆகவே பதினைந்து வயதில் ஆறடியை நெருங்கும் ஒரு பெண் பள்ளியில் தொடர்வது அவளுடைய விருப்பத்தை மட்டும் பொறுத்த காரியமாக இருப்பதில்லை, ஒரு குடும்பத்தின் முழுப் பொருளாதாரமும் அவள் தோளில் சாய்ந்திருக்கிறது. பதினெட்டு வயது வரை சிறாரே என்று விடுதலைக்கு முன்பே, 2008இல் வந்த சிறார் சட்டம் சொல்கிறது. இருந்தும், அங்கே ஏறத்தாழப் பாதிப் பெண்கள் பதினெட்டுக்கு முன்பே மணமுடித்து வைக்கப்படுகிறார்கள்.

இந்த இடத்தில் வெண்கலப் பதக்கத்தால் உடனடியாக எதுவும் மாறாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது யாருக்கும் சோறு போடாது, மாட்டுத் தொழுவத்துக்குப் பதிலும் சொல்லாது. ஆனாலும் மகளின் உயரத்தை ஒரே ஒரு விதமாக மட்டும் எண்ணத் தெரிந்திருந்த ஒரு தகப்பனுக்கு, அதே உயரத்தை வேறு விதமாகவும் எண்ணலாம் என்று காட்டும் முகங்கள் இப்போது இருக்கின்றன. அவை அவருடைய மொழியில் பெயர் கொண்ட முகங்கள் என்பதால் முதல் கேள்விக்கும் இங்கே விடை இருப்பதாக நினைக்கிறேன். மெல்போர்னில் வளர்ந்தவளும் அவருக்கு எங்கோ இருக்கும் ஒருத்தி அல்ல, உறவுமுறை சொல்லி அழைக்கத்தக்கவள்.

அந்த முகத்தைப் பார்த்த பெண் மறுநாள் போய் ஆட ஓரிடம் வேண்டும் அல்லவா? அங்கேதான் உங்கள் ஐயம் முழுவதும் நியாயமாகிறது. ஜூபாவில் ஒரு கூரை, வாவுவில் ஒரு கூரை, மாதவிடாய் நாட்களிலும் பெண்கள் வரக்கூடிய கழிப்பறை, பயிற்சி முடிந்து இருட்டும் முன் வீடு சேர ஒரு வண்டி ஆகியவை இல்லாமல், இன்னும் இருபது ஆண்டுகளுக்கும் அணி வெளியிலிருந்தே வரும். சங்கத்தின் மீது எனக்குக் குறை இருக்குமானால் அது இவற்றைப் பற்றியதாகவே இருக்கும், ஆட்டக்காரிகளின் கடவுச்சீட்டைப் பற்றியதாக ஒருபோதும் இராது.

நாடு பிறந்த 2011இல் பிறந்த பெண்ணுக்கு அபிஜான் போட்டி நடந்தபோது பதினான்கு வயது. அந்த அணியின் அடுத்தடுத்த பட்டியல்கள் வரும்போது நான் முதலில் தேடப்போவது, அந்த வயதினரில் ஜூபாவிலோ வாவுவிலோ சிமெண்டுத் தளத்தில் ஆடிப் பழகிய ஒருத்தியின் பெயர் இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்புடன்.