ஹாலுக்கு ஐவரியா, லைட் கிரேவா?

கேள்வி: மதுரையில புதுசா வீடு கட்டியிருக்கோம். ஹால் 12க்கு 14 அடி, ஒரே ஜன்னல்தான், வடக்கு பாத்தது, நாலடி தள்ளி பக்கத்து வீட்டு சுவர். எனக்கு ஐவரி, அதான் லேசா மஞ்சள் கலந்த வெள்ளை, பிடிச்சிருக்கு, வீட்டுக்காரர் லைட் கிரேதான் வேணும்ங்கிறார். எதை அடிக்கலாம்?

பதில்: உங்க ஹாலுக்கு ஐவரிதாங்க, தயங்காம சொல்றேன். வடக்கு ஜன்னல்ல சித்திரையிலருந்து ஆவணி வரைக்கும் வேணா கொஞ்சம் வெயில் படும், அதையும் அந்தப் பக்கத்து சுவர் பாதி மறைச்சிரும், மத்த மாசமெல்லாம் வானத்து வெளிச்சம் மட்டும்தான், அதுல லேசா நீலம் இருக்கும். அந்த வெளிச்சத்துல லைட் கிரே இன்னும் மங்கி, பூச்சு வேலை முடிஞ்சு பெயின்ட் அடிக்காம விட்ட சுவர் மாதிரி நிக்கும். எங்க வீட்டு வடக்கு ரூம்ல இதைப் பண்ணிட்டு ரெண்டு வருஷம் மனசு கேக்காம இருந்திருக்கேன், அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

ஆனா ஐவரியிலயும் பத்து விதம் இருக்கு. ஷேட் கார்டை ஒரு வெள்ளை ஏ4 பேப்பர் மேல வச்சுப் பாருங்க, தனியா பாக்கும்போது வெள்ளையாத் தெரிஞ்சது மஞ்சளா, ரோஸா, பச்சையான்னு அப்பதான் தெரியும். ரொம்ப மஞ்சள் வேணாம், ஏன்னா நாலு சுவரும் ஒண்ணுமேல ஒண்ணு வெளிச்சத்தைத் திருப்பிப் போடும்போது கார்டுல பாத்ததை விட கலர் தூக்கலா வரும். பக்கத்து வீட்டு சுவர் என்ன கலர்னு நீங்க எழுதல, அது பச்சையா இருந்தா அந்தப் பச்சையும் ஜன்னல் வழியா உள்ள வந்து படியும், அதையும் கவனிங்க.

கடையில சின்ன டப்பா வாங்கி, பட்டி பாத்து பிரைமர் அடிச்ச சுவர்ல ரெண்டடிக்கு ரெண்டடி, ஜன்னலுக்கு எதிர்ல ஒண்ணு, ஜன்னல் இருக்கிற சுவர்லயே ஒண்ணு, ரெண்டு கோட் அடிச்சு நல்லா காயட்டும், ஈரத்துல பாத்து முடிவு பண்ணாதீங்க. அப்புறம் காலையில, மத்தியானம், ராத்திரி லைட் போட்டுன்னு பாருங்க. பெட்டியில 6500கேன்னு போட்ட, லேசா நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் தர்ற லைட்டுன்னா ஐவரி கொஞ்சம் வெளிறித் தெரியும், அதைவிட லேசா மஞ்சள் கலந்த 4000கே போட்டா இதமா இருக்கும்.

அவரோட கிரேயையும் விட வேணாம். மேற்கு பாத்த பெட்ரூம் இருந்தா அங்க அடிங்க, சாயந்திர வெயில்ல அதே கிரே அவ்ளோ நல்லா இருக்கும்.