நூறு ரூபாய்க்கு எட்டணா

அன்புள்ள ஐயா,

குவைத்தின் முதல் பள்ளிகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பதினொரு வருடமாக ஃபஹாஹீலில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் முபாரக்கியா சந்தைக்குப் போவதுண்டு. அதே பெயரில் 1911-லேயே ஒரு பள்ளி இருந்தது என்பது எனக்குப் புதிய செய்தி. ஆனால் ஒன்று கேட்கிறேன். கையில் எண்ணெய்ப் பணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் பள்ளிக்கூடம் கட்டலாமே, இதில் வியக்க என்ன இருக்கிறது? என் பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கே தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். சம்பளத்தில் பெரும்பகுதி ஃபீஸுக்கே போகிறது. அந்தப் பணம் எங்கள் பக்கம் வந்ததே இல்லை.

எம்., ஃபஹாஹீல்

அன்புள்ள எம்.,

குவைத்திலிருந்து முதல் எண்ணெய்க் கப்பல் கிளம்பியது 1946-ல். முபாரக்கியா பள்ளி திறந்தது 1911-ல். நடுவே 35 வருடம். அந்த 35 வருடத்தில் பள்ளிகளுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி.

முதலில் வந்தது நன்கொடை. அதற்கு முன் அங்கே இருந்தவை குத்தாப்கள். முல்லாவிடம் குர்ஆன் ஓதவும் கொஞ்சம் எழுதவும் கற்றுக்கொள்வார்கள். வியாழக்கிழமைதோறும் பையன் ஒரு சிறு காசு கொண்டுவந்து கொடுப்பான், அதற்குப் பெயரே 'கமீஸிய்யா', வியாழக் காசு. கடல் வணிகத்துக்கு இந்தப் படிப்பு போதவில்லை. கணக்குப் புத்தகம் எழுதவும் வியாபாரக் கடிதம் எழுதவும் ஆள் வேண்டியிருந்தது. நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் கூட்டம் ஒன்றில் இந்தப் பேச்சு எழுந்தது. யூசுஃப் பின் ஈசா அல்-கினாயி என்ற மார்க்க அறிஞர் முன்னின்று வசூலில் இறங்கினார். பெரிய தொகை வந்தது பம்பாயிலிருந்து. அங்கே தொழில் செய்துவந்த இப்ராஹிம் குடும்பத்து வணிகர்கள் 50,000 ரூபாய் கொடுத்தார்கள். ஆமாம், ரூபாய்தான். 1961-ல் தினார் வரும்வரை குவைத்தில் ரூபாய்தான் புழங்கியது.

நன்கொடைக்கு ஒரு பலவீனம் உண்டு. கொடுப்பவர் நொடித்தால் பள்ளியும் நொடிக்கும். ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்தது, 1929-ல் உலகப் பொருளாதாரமும் சரிந்தது. முத்துக் குளிப்பை நம்பியிருந்த ஊர் அது. வணிகர்கள் கடனில் விழுந்தார்கள், பள்ளிகள் தடுமாறின.

அப்புறம் நடந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கையில் காசே இல்லாத அந்தக் காலத்தில், 1936-ல், வணிகர்கள் தாங்களே முன்வந்து ஒரு கல்வி வரியை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்கெனவே இருந்த சுங்கத்தோடு, இறக்குமதியாகும் சரக்குகளின் மதிப்பில் அரை சதவீதம் கூடுதலாக. நூறு ரூபாய்ச் சரக்குக்கு எட்டணா. அந்த எட்டணா பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான். அதை நிர்வகிக்க ஒரு கல்விக் குழுவும் அமைத்தார்கள். அதே ஆண்டு பாலஸ்தீனத்திலிருந்து நான்கு ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள். அடுத்த ஆண்டு பெண்களுக்கு முதல் அரசுப் பள்ளி.

அந்தக் குவைத்தில் எது இறக்குமதி என்று யோசித்துப் பாருங்கள். அரிசி இந்தியாவிலிருந்து. படகு கட்டத் தேக்கு மலபாரிலிருந்து. குடிக்கிற தண்ணீர்கூட ஈராக்கின் ஷத்துல் அரபு ஆற்றிலிருந்து படகில்தான் வந்தது. துறையில் ஒரு மூட்டை அரிசி இறங்கும்போதே அதிலிருந்து ஒரு பிடி பள்ளிக்கு என்று ஆகிவிட்டது.

வணிகர்கள் வள்ளல்கள் என்று சொல்லி முடித்துவிட மாட்டேன். இறக்குமதி வரியைக் கட்டுவது வணிகர்தான், ஆனால் அது விலையில் ஏறி, வாங்குகிறவர் தலையில்தான் இறங்கும். கடன்பட்ட முத்துக் குளிப்பவரும் அந்த அரிசியைத்தான் தின்றார். அவருடைய மகன் பள்ளிக்குப் போனானா? பல பையன்கள் கோடைக்காலம் முழுக்க முத்துப் படகில் 'தப்பாப்' ஆக, அதாவது எடுபிடி வேலைக்கு, போய்க்கொண்டிருந்தார்கள். தன் பிள்ளை உட்காராத பெஞ்சுக்கு அந்தக் குடும்பம் காசு கொடுத்தது. இதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

ஆனாலும் காசு கொடுத்தவர்களுக்குக் கணக்குக் கேட்கும் தைரியம் வந்தது. 1938-ல் இதே வணிகர்கள்தான் ஒரு சட்டமன்றத்தைக் கேட்டு வாங்கினார்கள். நாட்டின் வரவு செலவைத் தங்கள் கைக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். எண்ணெய் நிறுவனம் ஆட்சியாளருக்குக் கொடுத்த காசோலையைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொன்னபோது, அந்த டிசம்பரிலேயே மன்றம் கலைக்கப்பட்டது. எண்ணெய் ஒரு பீப்பாய்கூட ஏற்றுமதி ஆகவில்லை, சண்டை மட்டும் வந்துவிட்டது.

1950-களில் பணம் கொட்டியது. புத்தகம், உடை, சாப்பாடு எல்லாம் இலவசம். ஷுவைக்கில் பெரிய மேல்நிலைப் பள்ளி 1953-ல் வந்தது. குத்தாப் வாசலோடு நின்றுபோயிருக்கக்கூடிய எத்தனையோ பெண்கள் படித்தார்கள். அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த எட்டணா இனி தேவைப்படவில்லை. கொடுப்பது அரசு, வாங்குவது மக்கள் என்றானபின், 'எங்கள் காசு என்ன ஆயிற்று' என்று கேட்க அந்தப் பழைய பிடி இல்லாமல் போனது. எண்ணெய்ப் பணம் இருந்தால் யாரும் பள்ளி கட்டலாம் என்கிறீர்கள். சரி, கட்டலாம். இல்லாதபோது கட்டியவர்களைப் பற்றித்தான் நான் எழுதினேன்.

உங்கள் பிள்ளைகளின் ஃபீஸ் விஷயம் நியாயமான வருத்தம். 1962 அரசியல் சட்டத்தின் 40-ஆவது பிரிவு கல்வியைக் குவைத்தியரின் உரிமை என்றுதான் சொல்கிறது. அந்த ஒரு சொல்லுக்கு வெளியேதான் உங்கள் வீடு இருக்கிறது. ஆனால் அந்தக் கல்வியைக் கட்டி எழுப்பியதில் வெளியூர்க்காரர்களின் பங்கு எவ்வளவு! 1936-ல் வந்த அந்த நால்வருக்குப் பின்னால் பாலஸ்தீன ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள், இரண்டு தலைமுறைக் குவைத்தியருக்கு எழுத்தறிவித்தார்கள். 1991 வளைகுடாப் போருக்குப் பின் அந்தச் சமூகத்தில் பெரும்பாலோர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அவர்களிடம் படித்த பிள்ளைகள் அப்போது அதிகாரிகளாக அலுவலகங்களில் இருந்தார்கள்.

அன்புடன்.