ராபின் ஹூட்டின் ஓக் மரமும் நம் ஊர்த் தலமரமும்

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்தில் மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரங்கள் நிறைய உள்ளன. இங்கிலாந்தில் ராபின் ஹூட் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் ஓக் மரமும் இதே இனமா? ஒரு மரத்தை அந்நாட்டவர் அவ்வளவு போற்றுவது ஏன்? எங்கள் ஊர்க் கோயிலின் பழைய மரத்தைச் சுற்றிச் சிமெண்ட் தளம் போடப் பேச்சு நடப்பதால் கேட்கிறேன்.
– வாசகர், ஏற்காடு

பதில்: பெயர் மட்டுமே ஒன்று. நிழலுக்காக நீங்கள் வளர்க்கும் சில்வர் ஓக் கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. உண்மையான ஓக், தமிழில் கருவாலி என்று எழுதப்படுவது, முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. சிறு கிண்ணத்தில் பொருத்தி வைத்தாற்போன்ற கொட்டை அதன் அடையாளம்.

நீங்கள் கேட்பது நாட்டிங்காம்ஷயர் பகுதியின் ஷெர்வுட் காட்டிலுள்ள 'மேஜர் ஓக்'. அது பெருமரம் என்பதால் வந்த பெயரன்று. அக்காட்டு ஓக் மரங்களைப் பற்றி 1790-இல் எழுதி வெளியிட்ட மேஜர் ஹேமன் ரூக் என்பவரின் படைப் பதவியே மரத்துக்குப் பெயராக நிலைத்தது. அதற்கு முன், சண்டைச் சேவல்களை அடைத்து வைக்கும் கூண்டாக அதன் பொந்து பயன்பட்டதை ஒட்டிய பெயரும் அதற்கு இருந்தது. அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 11 மீட்டர். ஏழெட்டுப் பேர் கைகோத்தால்தான் வளைக்க முடியும். வயது 800 முதல் 1,000 ஆண்டுகள் வரை என மதிப்பிடுகின்றனர். ஓக் மரத்தில் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து விழப் பல நூற்றாண்டுகள் ஆகுமாதலால், 12 அல்லது 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்ததாகக் கதை கூறும் ராபின் ஹூட் அதற்குள் ஒளிந்திருக்க வாய்ப்பில்லை என்றே நான் கருதுகிறேன். ஆயினும் செல்வரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவனின் கதைக்குக் கையால் தொட்டறியக்கூடிய ஒரு சாட்சி மக்களுக்குத் தேவைப்பட்டது. அம்மரம் அந்தச் சாட்சியாயிற்று. மோகூர்த் தலைவன் பழையனின் காவல் மரமான வேம்பைச் சேரன் செங்குட்டுவன் வெட்டி வீழ்த்தியதைப் பதிற்றுப்பத்து வெற்றியாகப் பாடும் மொழியில் பிறந்த நமக்கு, ஒரு மரத்தில் ஒரு குடியின் மானமே குடியிருக்கும் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் கோயில் மரத்துக்கு உதவும் செய்தி இனித்தான் வருகிறது. அந்த ஓக் மரத்தை வாட்டியது கோடரியன்று, அன்போடு வந்தவர்களின் காலடிகள். ஆண்டுதோறும் பெருங்கூட்டம் அடிமரம் வரை சென்று மிதித்ததில் மண் இறுகி, மேல்மண்ணில் பரவியிருக்கும் மெல்லிய வேர்களுக்கு நீரும் காற்றும் குறைந்தன. 1970-களில் வேலியிட்டுக் கூட்டத்தை விலக்கினார்கள். கனத்த கிளைகளுக்கு முட்டுக்கால்களும் கொடுத்திருக்கிறார்கள். காலடிக்கே இந்த நிலை என்றால், சிமெண்ட் தளத்தால் விளையும் கேட்டை எண்ணிப் பாருங்கள். கிளைகள் நிழல் விழுத்தும் பரப்பு முழுவதையும் வெறும் மண்ணாக விட்டு, சருகை அங்கேயே மட்கவிட்டு, அதற்கு வெளியே வலம் வரும் பாதையை அமைக்குமாறு கோயில் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். தளம் போட்டே ஆக வேண்டும் என்று அவர்கள் கூறினால், அதையும் அந்தப் பாதையோடு நிறுத்திக்கொள்ளக் கேளுங்கள்.